பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த ஆயில்? டப்பா வாங்கும் முன் 24 குறிப்புகள்

எம்ஜிபி, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், ஜாகுவார் இ-டைப், மினி கூப்பர், ஏர்-கூல்டு போர்ஷே 911 என்று ஏதாவது ஒன்றை ஷெட்டில் வைத்திருப்பவருக்கு ஆயில் யோசனை சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. ஆளுக்கொரு டப்பாவைக் கைகாட்டுவார்கள். இருப்பதிலேயே விலை கூடியதை ஊற்றிவிட்டால் கவலை விட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. பழைய வண்டியிடம் அந்தக் கணக்கு பலிக்காது. உள்ளே எந்த உலோகம் எதோடு உரசுகிறது என்பதைப் பார்த்துத்தான் ஆயிலை முடிவு செய்ய வேண்டும்.

1. முதலில் வண்டியோடு வந்த கையேட்டைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் மறுபதிப்பாவது வாங்கிவிடுங்கள். உங்கள் வண்டியின் ஆண்டுக்கு உரிய கையேடாக அது இருக்க வேண்டும். எம்ஜிபி 1962-லிருந்து 1980 வரை வந்தது. நடுவில், 1967 வாக்கில், கியர் பாக்ஸே மாறிவிட்டது. கையேட்டில் போட்டிருக்கும் பிராண்ட் பெயர்களில் பாதி இன்று கடையில் கிடைக்காது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம், கிரேடை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. கையேட்டை நம்பும் முன் வண்டியில் இருப்பது அதே இன்ஜினும் அதே கியர் பாக்ஸும்தானா என்று பாருங்கள். ஐம்பது வருடத்தில் எத்தனையோ கை மாறியிருக்கும். நிறைய எம்ஜிபி-க்களில் பழைய நாலு கியர் பெட்டியைக் கழற்றிவிட்டு ஃபோர்டின் டைப்-9 ஐந்து கியர் பெட்டியை மாட்டியிருப்பார்கள். அப்படி இருந்தால் எம்ஜி கையேட்டின் கியர் ஆயில் பக்கம் உங்களுக்கு உதவாது.

3. டப்பா மேல் இருக்கும் 20டபிள்யூ-50 என்பதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிப்பது. அதற்கு முன்னால் உள்ள எண், இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்லும். எண் குறையக் குறையச் சுலபம். பின்னால் உள்ள எண் 100 டிகிரி செல்சியஸில், அதாவது இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. இரண்டையும் பாருங்கள். பலர் பின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறார்கள்.

4. ஊர் வெயிலைப் பார்த்துப் பின் எண்ணை ஏற்ற வேண்டியதில்லை. லண்டனில் ஓடினாலும் சென்னையில் ஓடினாலும் தெர்மோஸ்டாட் சரியாக வேலை செய்தால் ரேடியேட்டர் தண்ணீர் 80-90 டிகிரியில்தான் நிற்கும். ஆயிலும் அதை ஒட்டித்தான் இருக்கும். தட்பவெப்பம் பெரிதாக மாற்றுவது முன் எண்ணை. பனி உறையும் ஊரில் ஜனவரி காலையில் ஸ்டார்ட் செய்கிறவர் 10டபிள்யூ-40 அல்லது 15டபிள்யூ-50 போட்டுக்கொள்ளலாம். நம் ஊர் மார்கழிக் குளிருக்கு அதெல்லாம் தேவையே இல்லை, 20டபிள்யூ தாராளமாகப் போதும். மே மாதம் என்பதற்காக 60 கிரேடைத் தேடுவதும் வீண் வேலை. நெரிசலில் நின்று நின்று இன்ஜின் கொதிக்கிறது என்றால் குற்றவாளி பெரும்பாலும் ரேடியேட்டரும் விசிறியும்தான். ஆயிலை மாற்றி அதைச் சரி செய்ய முடியாது.

5. 1960, 70-களின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு 20டபிள்யூ-50 மினரல் ஆயில்தான் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய பதில். காஸ்ட்ரால் ஜிடிஎக்ஸ் 1968-ல் வந்தது. பச்சை நிறத்தில் இருக்கும் டக்கம்ஸ் க்யூ20-50 அதே தலைமுறை. அந்த இன்ஜின்களில் பேரிங் இடைவெளி இன்றைய இன்ஜின்களைவிடத் தாராளம். ஆயில் பம்பும் அந்தக் கெட்டிக்குத் தகுந்தபடிதான் செய்யப்பட்டது. 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற நீர்த்த ஆயில் அங்கே தங்காமல் வழிந்துவிடும், ஆயில் பிரஷர் முள் கீழே உட்கார்ந்துவிடும். புது காருக்கு வாங்கியதில் ஒரு லிட்டர் மிச்சம் இருக்கிறதே என்று இதில் ஊற்றாதீர்கள்.

ஸ்பிட்ஃபயர் நமக்கு ஒன்றும் அந்நியமில்லை. வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, ட்ரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பிறப்பு. ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கி, அதே குடும்பத்து இன்ஜினை வைத்துத்தான் ஸ்பிட்ஃபயரைக் கட்டினார்கள். ஹெரால்டில் கை வைத்த பழைய மெக்கானிக் ஒருவர் சென்னையில் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

6. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பழைய இன்ஜின்களில் கேம் ஷாஃப்ட்டின் மூக்கு, டாப்பெட்டின் தட்டையான அடிப்பாகத்தை நேரடியாகத் தேய்த்துக்கொண்டே சுற்றும். நடுவில் உருளை எதுவும் கிடையாது. முழு வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தமும் ஒரு மெல்லிய கோட்டின் மேல் இறங்குகிறது. அந்த இடத்தில் ஆயில் படலம் பிதுங்கிப் போய்விடும். அங்கே இரும்பை இரும்பு தின்னாமல் காப்பது துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த இசட்டிடிபி என்ற ரசாயனம். சூட்டிலும் அழுத்தத்திலும் அது உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற ஒரு பூச்சாகப் படியும். தேய்வது அந்தப் பூச்சு, கேம் தப்பிக்கும்.

சிக்கல் என்னவென்றால், பாஸ்பரஸ் புகையோடு போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது. அதனால் ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலியக் கழகம்) வகுக்கும் ஆயில் தரம் மாற மாற அதன் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 2004-ல் வந்த எஸ்எம் தரத்தில், 30-ம் அதற்குக் கீழும் உள்ள கிரேடுகளுக்கு 0.08 சதவீதம்தான் உச்சவரம்பு. புது கார்களில் பெரும்பாலும் உருளை வைத்த டாப்பெட் இருப்பதால் அவற்றுக்கு இது போதும். எம்ஜிபி-க்கும் ஸ்பிட்ஃபயருக்கும் 0.10-லிருந்து 0.14 சதவீதம் வரை இருப்பது நல்லது. டேட்டா ஷீட்டில் 1000-லிருந்து 1400 பிபிஎம் என்று போட்டிருக்கும். 20டபிள்யூ-50 போன்ற கெட்டி கிரேடுகளுக்கு அந்த வரம்பு பொருந்தாது என்பதால் அவற்றில் இன்னும் ஓரளவு இருக்கும். ஆனாலும் யூகிக்க வேண்டாம். கம்பெனி தரும் டேட்டா ஷீட்டைக் கேட்டு வாங்கி, துத்தநாகம், பாஸ்பரஸ் என்ற இரண்டு வரிகளை மட்டும் பாருங்கள்.

7. அதிகம் இருந்தால் அதிகப் பாதுகாப்பு என்று தனியாக விற்கும் இசட்டிடிபி பாட்டிலை வாங்கிக் கொட்டாதீர்கள். அளவு மிஞ்சினால் அதே ரசாயனம் உலோகத்தை அரிக்கத் தொடங்கும். போதுமான அளவு கலந்தே வரும் ஆயில்கள் இருக்கின்றன. வால்வோலின் விஆர்1 20டபிள்யூ-50, பென்ரைட், மில்லர்ஸ் ஆகியவற்றின் கிளாசிக் வரிசை போன்றவை இந்த வண்டிகளை மனதில் வைத்தே செய்யப்படுபவை.

8. டப்பாவின் முன்பக்கத்தில் படம்தான் இருக்கும், விஷயம் பின்பக்கத்தில் இருக்கிறது. டப்பாவைத் திருப்பினால் ஏபிஐ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எஸ்-ல் தொடங்கும் இரண்டு எழுத்து தெரியும். எஸ்ஏ, எஸ்பி, எஸ்சி என்று போகும் வரிசை. இரண்டாவது எழுத்து முன்னேற முன்னேறத் தரம் புதியது. ‘என் வண்டி பழசு, அதனால் பழைய எழுத்துதான் சரி’ என்று எஸ்ஏ டப்பாவை எடுத்துவிடாதீர்கள். எஸ்ஏ என்பது சேர்மானம் எதுவுமே இல்லாத வெறும் எண்ணெய். 1930-க்குப் பிந்தைய பெரும்பாலான இன்ஜின்களுக்கு அது ஆகாது என்று அந்தத் தரத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. விலை மலிவாக இருப்பதைப் பார்த்து யாராவது ஏமாறுவார்கள் என்றே சில டப்பாக்கள் அலமாரியில் காத்திருக்கும்.

9. லாரிக்கு வரும் டீசல் இன்ஜின் ஆயிலில் இசட்டிடிபி கூடுதல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சிஐ-4 தரத்தில் அது உண்மைதான். அவசரத்துக்கு 15டபிள்யூ-40 ஊற்றி ஓட்டினால் கெட்டுப்போகாது. ஆனால் அதில் கரியைக் கழுவும் சோப்புச் சத்தும் அதிகம், அது டீசல் புகைக்கரிக்காகச் சேர்த்தது. வழக்கமாக்கிக்கொள்ள நான் சொல்ல மாட்டேன்.

10. 1989-ல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி ‘இளம் பழசு’ வண்டிகளுக்கு மேலே சொன்னது பொருந்தாது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கும் வண்டிக்குத் துத்தநாகம் தூக்கலான ஆயில் வேண்டாம். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-ல் டாப்பெட்டுகள் ஹைட்ராலிக்; பழைய, அழுக்கேறிய ஆயிலில் அவை டிக் டிக்கென்று சத்தம் போடும். பல வண்டிகளில் 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 புதிதாக மாற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டினாலே சத்தம் அடங்கிவிடும். டாப்பெட்டைக் கழற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், அதற்கு முன்பு ஆயிலை மாற்றிப் பாருங்கள்.

11. சிந்தெடிக் ஊற்றினால் ஒழுகும் என்று சொல்வதில் பாதி உண்மை. ஜாகுவாரின் எக்ஸ்கே இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் இருப்பது கயிறு போன்ற சீல். புதிதாக இருக்கும்போதே கொஞ்சம் கசியும் ஜாதி அது. இன்றைய சிந்தெடிக் சீலைத் தின்பதில்லை. பல வருட அழுக்கு அடைத்து வைத்திருந்த ஓட்டையை அது கழுவித் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். முழுதாகப் பிரித்து, புது சீல் போட்டுக் கட்டிய இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 சிந்தெடிக் நன்றாகவே உழைக்கும். பிரிக்காத பழைய இன்ஜினுக்கு மினரலே போதும். வருடத்துக்கு 2,000 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு மூன்று மடங்கு விலை கொடுப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

12. புதிதாகக் கட்டிய இன்ஜினுக்கு முதலில் சிந்தெடிக் கூடவே கூடாது. பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரில் கொஞ்சம் தேய்ந்து படிய வேண்டும். சிந்தெடிக்கின் வழுக்கலில் அது நடக்காது, பிறகு வாழ்நாள் முழுக்க ஆயில் குடிக்கும். ரன்னிங்-இன் மினரல் ஆயில் போடுங்கள், புது கேம் போட்டிருந்தால் இசட்டிடிபி நிறைந்ததாக. முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். 2,000-லிருந்து 2,500 ஆர்பிஎம்மில் இருபது நிமிடம் ஓட வேண்டும். வேகம் குறைந்தால் கேமுக்குத் தெறிக்கும் ஆயில் குறையும். புது கேம் அந்த இருபது நிமிடத்திலேயே பாழாகிவிடும்.

13. பழைய ரேஸ் வண்டி வாங்குகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்: முந்தைய ஆள் காஸ்ட்ரால் ஆர் போட்டிருந்தாரா? அது விளக்கெண்ணெயில் செய்தது. வேக்ஃபீல்டு கம்பெனி 1909-ல் காஸ்ட்ரால் என்று பெயர் வைத்ததே அந்த ஆமணக்கை வைத்துத்தான். ரேஸ் டிராக்கில் அந்த வாசனைக்காகவே ரசிகர்கள் உண்டு. ஆனால் விளக்கெண்ணெய் மினரல் ஆயிலோடு கலக்காது, நாளாக நாளாகக் கோந்து மாதிரி உறையும். சந்தேகம் இருந்தால் சம்பை, அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியை, கழற்றிச் சுத்தம் செய்த பிறகே புது ஆயிலை ஊற்றுங்கள்.

14. மினியில் இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. 1959-ல் அலெக் இஸிகோனிஸ் இடத்தை மிச்சப்படுத்த கியர் பெட்டியைச் சம்புக்குள்ளேயே வைத்துவிட்டார். கியர் பற்கள் ஆயிலை நசுக்கி நசுக்கி, அதைச் சூட்டிலும் கெட்டியாக வைத்திருக்கும் பாலிமர் இழைகளை அறுத்துவிடும். போட்டபோது 50 ஆக இருந்த ஆயில் சில ஆயிரம் கிலோமீட்டரில் 40-க்கும் கீழே இறங்கிவிடலாம். ஆகவே மினிக்கு நல்ல 20டபிள்யூ-50 மினரல், 5,000 கிலோமீட்டருக்குள் மாற்றம். கியர் ஆயில் பக்கமே போகாதீர்கள். 1966-ல் வந்த லம்போர்கினி மியுராவும் இதே மாதிரி ஒரே ஆயில்தான். கடைசிக் காலத்து எஸ்வி மாடலில்தான் பிரித்தார்கள். கியரிலிருந்து உதிரும் இரும்புத் தூள் நேராக இன்ஜின் பேரிங்குக்குப் போகும் அமைப்பு அது. அவ்வளவு விலை வண்டிக்கு அப்படி ஒரு ஏற்பாடு!

15. ஏர்-கூல்டு 911 வைத்திருப்பவர்கள் டிப் ஸ்டிக் பார்க்கும் முறையை மறந்துவிட வேண்டும், புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். அதில் ஆயில் சம்பில் இருக்காது, தனி டேங்கில் இருக்கும். வண்டி நின்று ஆறினால் டேங்கிலிருந்து ஆயில் இன்ஜினுக்குள் இறங்கிவிடும். அப்போது குச்சியை எடுத்தால் காய்ந்து கிடக்கும். பதறிப்போய் ஒரு லிட்டர் ஊற்றினால், சூடானதும் மிஞ்சிய ஆயில் ஏர் ஃபில்டருக்குள் ஏறி, தெரு முழுக்க வெண்புகை. சமதளத்தில் நிறுத்தி, நன்றாகச் சூடேறிய இன்ஜின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும்.

16. மாஸ்டா ஆர்எக்ஸ்-7-ன் ரோட்டரி இன்ஜின் ஆயிலைக் குடிப்பது கோளாறு இல்லை. உள்ளே இருக்கும் சீல்களை நனைக்க, ஒரு சின்ன பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக எரியறைக்கே ஆயிலை அனுப்புகிறது. பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப் ஸ்டிக் பாருங்கள்.

17. எம்ஜிபி-யின் கையேடு சொல்லும் ஆயில் பிரஷர்: சூடான இன்ஜின் ஐடிலில் 10-லிருந்து 25 பவுண்டு, ஓட்டத்தில் 50-லிருந்து 80 பவுண்டு. புது ஆயில் போட்டதும் முள் எங்கே நிற்கிறது என்று எழுதி வையுங்கள். மாதங்கள் போகப் போக அது இறங்கினால் ஆயில் நீர்த்துவிட்டது, அல்லது பெட்ரோல் கலக்கிறது. டிப் ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோனாலே பெட்ரோல் வாடை தெரியும். கார்புரேட்டர் அதிகமாக ஊற்றுகிறது என்று அர்த்தம். பிரஷர் இறங்கியதை இன்னும் கெட்டியான ஆயில் போட்டு மறைப்பது, வண்டியை விற்கப் போகிறவர் செய்யும் வேலை. வாங்கப் போகிறவர் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

18. இனி கியர் பாக்ஸ். கியர் ஆயிலில் 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 என்று எண் பெரிதாக இருப்பதைப் பார்த்து இன்ஜின் ஆயிலைவிட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். செருப்பு அளவும் சட்டை அளவும் போல, இரண்டும் வேறு வேறு அளவுகோல். கியர் ஆயிலில் 90 என்பது இன்ஜின் ஆயில் கணக்கில் 40-க்கும் 50-க்கும் நடுவே வரும். எம்ஜிபி-யின் கியர் பெட்டிக்கு இன்ஜினில் போடும் அதே 20டபிள்யூ-50-ஐ ஊற்றச் சொல்லிக் கையேடு சொல்வது அச்சுப் பிழை இல்லை என்பது இப்போது புரியும். ஆரம்ப கால எம்ஜிபி-க்களில் கியர் பெட்டிக்கும் ஒரு டிப் ஸ்டிக் உண்டு. காருக்குள் கார்பெட்டைத் தூக்கி, நடு மேட்டில் இருக்கும் ரப்பர் மூடியை எடுத்தால் கிடைக்கும். பல சொந்தக்காரர்களுக்கு அது இருப்பதே தெரியாது.

19. கியர் ஆயில் வாங்கும்போது ஜிஎல்-4-ஆ, ஜிஎல்-5-ஆ என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஐந்து நாலைவிடப் பெரிது, அதனால் மேல் என்ற எண்ணம் பல கியர் பெட்டிகளைக் கெடுத்திருக்கிறது. பழைய பெட்டிகளில் சின்க்ரோ வளையங்கள் பித்தளை அல்லது வெண்கலம். ஜிஎல்-5-ல் கடும் அழுத்தத்தைத் தாங்கக் கந்தகம், பாஸ்பரஸ் சேர்மானம் ஜிஎல்-4-ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். அந்தக் கந்தகம் செம்பு கலந்த உலோகத்தோடு வினைபுரிந்து மேலே ஒரு படலத்தை உண்டாக்கும். சின்க்ரோ உரசும்போது அந்தப் படலம் உரிந்து வரும். மறுபடி படியும், மறுபடி உரியும்.

இன்னொரு பக்கம், சின்க்ரோ வேலை செய்வதே உராய்வில்தான். வளையம் கூம்பைப் பிடித்து நிறுத்தினால்தான் இரண்டு பற்சக்கரங்களின் வேகமும் ஒன்றாகி கியர் சத்தமில்லாமல் விழும். அளவுக்கு மீறி வழுக்கும் ஆயிலில் வளையம் பிடிக்காது, கரகரவென்று அரைக்கும். ‘ஜிஎல்-4/ஜிஎல்-5 இரண்டுக்கும்’ என்று அச்சடித்த டப்பாக்களும் வருகின்றன. பழைய பெட்டிக்கு நான் அவற்றை எடுக்க மாட்டேன், ஜிஎல்-4 மட்டும் போட்டதைத்தான் தேடுவேன்.

உங்கள் பெட்டியின் நிலவரம் தெரிய வேண்டுமா? பழைய ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்து, கையுறை போட்டுக்கொண்டு கொஞ்சத்தை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மினுமினுக்கும் துகள் சாம்பல் நிறமாக இருந்து காந்தத்தில் ஒட்டினால் அது பற்சக்கரத்து இரும்பு. கொஞ்சம் இருப்பது சகஜம். காந்தத்தில் ஒட்டாமல் தங்கப் பொடி மாதிரி மின்னினால் அது சின்க்ரோவின் பித்தளை. விரலில் தட்டுப்படும் அளவு சில்லு வந்தால் ஆயிலைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டுப் பெட்டியைப் பிரியுங்கள்.

20. லேகாக் ஓவர்டிரைவ் (நெடுஞ்சாலை வேகத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருக்கும் வண்டிகளில் கியர் பெட்டியும் ஓவர்டிரைவும் ஒரே ஆயிலைப் பகிர்ந்துகொள்கின்றன. உள்ளே இருப்பது ஒரு கூம்புக் கிளட்ச். பிடித்தால்தான் வேலை நடக்கும். மாலிப்டினம், கிராஃபைட் என்று வழுக்கல் கூட்டும் எந்த மருந்தும் அதற்குள் போகக் கூடாது. எம்ஜிபி-யில் இன்ஜின் ஆயில், ட்ரையம்ஃபில் 90 கியர் ஆயில் என்று ஓவர்டிரைவ் ஒன்றாக இருந்தும் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால், பக்கத்து வீட்டுக்காரர் போட்டதைப் பார்த்துப் போடாதீர்கள். இதே மாதிரி இன்னொரு விதிவிலக்கு: 1980-களின் ஃபோர்டு மஸ்டாங்கில் வந்த போர்க்-வார்னர் டி5 வேர்ல்ட் கிளாஸ் பெட்டி. கையால் கியர் போடும் பெட்டிதான், ஆனாலும் அதற்கு ஊற்றுவது ஆட்டோமேட்டிக் கியருக்கான சிவப்பு டெக்ஸ்ரான் ஆயில்.

21. பின் ஆக்ஸிலில் கதை தலைகீழ். டிஃபரன்ஷியலின் கிரவுனும் பினியனும் உருண்டு மட்டும் போவதில்லை, ஒன்றன் மேல் ஒன்று கடும் அழுத்தத்தில் வழுக்கிக்கொண்டு போகின்றன. அங்கே பொதுவாகப் பித்தளை கிடையாது. ஜிஎல்-5-க்கு உரிய இடம் இதுதான், 80டபிள்யூ-90 போடுங்கள். இ-டைப் போல லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் உள்ள வண்டியாக இருந்தால் அதற்கென்று உராய்வைத் திருத்தும் சேர்மானம் கலந்த ஆயில் வேண்டும். சாதாரண ஆயில் போட்டால் குறுகலான திருப்பத்தில் பின்பக்கம் தடதடவென்று அதிரும். புது ஆயில் ஊற்றியபின் காலி மைதானத்தில் எட்டு வடிவத்தில் நிதானமாகச் சில சுற்று ஓட்டினால் தட்டுகளுக்கு நடுவே ஆயில் போய்ச் சேரும்.

22. ஆல்ஃபா ரோமியோ, ஃபெராரி 308 போன்றவற்றில் காலையில் இரண்டாவது கியர் விழ மறுப்பது ஆயில் கெட்டதால் அல்ல. ஆறிய கெட்டி ஆயிலில் சின்க்ரோ திணறுகிறது. முதல் சில கிலோமீட்டர் ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போய்விடுங்கள். அழுத்தித் திணித்தால் செலவு உங்களுக்குத்தான். 75டபிள்யூ-90 ஜிஎல்-4-க்கு மாற்றினால் குளிரில் ஓரளவு இளகும்.

23. ஆயில் மாற்றும் அன்று:

கியர் பெட்டியிலும் ஆக்ஸிலிலும் வடிக்கும் பிளக்கில் ஸ்பேனரை வைக்கும் முன், ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். பழைய ஆயிலை வடித்துவிட்டு, மேல் பிளக் துருவில் இறுகிப்போய் வராவிட்டால் வண்டியை ஒர்க்ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போகக்கூட வழியில்லை. பதினைந்து, இருபது நிமிடம் ஓட்டிச் சூடான பிறகு வடித்தால் அழுக்கும் சேர்ந்து வரும். செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.

எம்ஜிபி-யின் சில ஆண்டு மாடல்களில் ஃபில்டர் வாய் கீழே பார்க்கும்படி தலைகீழாக நிற்கும். ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வு உள்ள ஃபில்டராகக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் தினமும் காலையில் பிரஷர் வரும் வரை பேரிங் கடகடக்கும்.

கிலோமீட்டர் ஆகவில்லையே என்று தள்ளிப் போடாதீர்கள். நின்ற இடத்திலேயே இருக்கும் வண்டியின் ஆயிலில் ஈரமும் அமிலமும் சேர்ந்து பேரிங்கை அரிக்கும். வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம். வண்டியை மாதக்கணக்கில் மூடி வைக்கப் போகிறீர்கள் என்றால், வெளியே எடுக்கும்போது மாற்றுவதைவிட மூடும் முன்பே மாற்றிவிடுங்கள். ஃபில்லர் மூடியின் அடியில் வெண்ணெய் நிறத்தில் குழம்பு படிந்திருந்தால் பக்கத்துக் கடை வரைக்கும் மட்டும் ஓட்டுகிறீர்கள் என்று பொருள். ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், ஈரம் ஆவியாகிவிடும். அப்படியும் போகாமல் ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

டப்பாவில் மிச்சம் இருக்கும் ஆயிலில் சில சொட்டு எஸ்யூ கார்புரேட்டரின் தலைக்குப் போகட்டும். கறுப்புத் திருகு மூடியைக் கழற்றி ஊற்றி, மூடியைத் திரும்ப இறக்கும்போது உட்கார ஆறு மில்லிமீட்டர் இருக்கையில் தடுப்புத் தெரிந்தால் அளவு சரி. அது வறண்டு போனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு கணம் விக்கும்; பலர் இதற்காக கார்புரேட்டரையே மாற்றியிருக்கிறார்கள்.

24. வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், கரையான் வராமலிருக்கக் கம்பத்திலும் கதவு நிலையிலும் பூசாதீர்கள். ஓடிய இன்ஜின் ஆயில் தோலில் தொடர்ந்து பட்டால் புற்றுநோய் வரை போகும். பழைய டப்பாவிலேயே அடைத்து, மறுசுத்திகரிப்புக்கு எடுத்துக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள். கியர் ஆயிலை அதோடு கலக்காமல் வேறு டப்பாவில் வையுங்கள். எந்த டப்பாவில் எது என்று மேலே மார்க்கரால் எழுதிவிடுங்கள். அடுத்த மாதம் எல்லாம் ஒரே கறுப்பாகத்தான் தெரியும்.